அணையாத விரல்

திரையில் கட்டைவிரல் வெள்ளையாக ஒளிர்ந்தது. அறுவை மருத்துவர் இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, தோலைத் தைத்து மூடலாம் என்றார். அரங்கிலிருந்த நால்வரில் மூவர் நிம்மதியாக மூச்சு விட்டனர். கேமராவை இயக்கும் பெண் விடவில்லை.

அவளை அங்கே எல்லோரும் இருட்டக்கா என்றே அழைத்தனர். அவள் வந்தால் விளக்குகள் அணையும் என்பதே காரணம். நோயாளியின் மறு கையில் ஏற்றும் பச்சைச் சாயம் இரத்தத்தோடு உடலெங்கும் சுற்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பட்டால் ஒளிரும். அந்த ஒளியை அவளுடைய கேமரா பிடிக்கும். இரத்தம் போகும் இடம் வெளிச்சம், போகாத இடம் இருட்டு. அரங்கின் விளக்குகள் எரிந்தால் எதுவும் தெரியாது.

மேசையில் மயங்கிக் கிடந்தவன் புத்தகம் கட்டும் கூடமொன்றில் காகிதம் வெட்டுபவன். காலை எட்டரை மணிக்கு இயந்திரம் தாள்களோடு சேர்த்து அவனுடைய வலது கட்டைவிரலையும் வெட்டியது. விரலை ஈரத்துணியில் சுற்றி, பையிலிட்டு, பனிக்கட்டி நிரப்பிய இன்னொரு பைக்குள் வைத்து அவனுடைய அக்கா கொண்டுவந்தாள். தம்பிக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று விசாரிக்கச் சென்ற இருட்டக்காவிடம் அவள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்.

"அவன் பொழப்பே அந்த விரல்லதாம்மா இருக்கு. ஒட்டிக்குமா?"

டாக்டர் சொல்லுவார் என்று இருட்டக்கா சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் சாயம் பகல் ஒரு மணிக்கு ஏற்றப்பட்டது. இணைத்த தமனி வழியே ஒளி விரலுக்குள் ஏறியது. எல்லோரும் மகிழ்ந்தனர், ஒரு நிமிடத்தில் பதிவு நிறுத்தப்பட்டது. ஒளி உள்ளே போனதைப் பார்த்தவர்களில் எவரும் அது வெளியேறுகிறதா என்று பார்க்கக் காத்திருக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, பாதித் தையலில், விரல்நுனி சற்றே கருநீலமாயிற்று. ஊசியால் குத்தியபோது கறுத்த துளி ஒன்று மெதுவாக வந்தது. அதை வைத்து அடைப்பு என்றும் சொல்லலாம், அடைப்பில்லை என்றும் சொல்லலாம். மருத்துவர் மறுபடி சாயம் ஏற்றச் சொன்னார்.

முதலில் விளக்கணைப்பு, அடுத்துச் சாயமில்லாமல் பத்து வினாடிப் பதிவு, பிறகே ஊசி. இந்த வரிசையை இருட்டக்காவே எழுதிக் கேமராவின் தண்டில் ஒட்டியிருந்தாள். இம்முறை மருத்துவர் அவசரப்பட்டார். செவிலியின் கை விளக்கின் விசையை எட்டுவதற்குள் மயக்க மருத்துவர் சாயத்தை ஏற்றிவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இருள் வந்து அவள் பொத்தானை அழுத்தியபோது ஐந்து விரல்களும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

நான்கு விரல்களைப் பற்றி ஐயமில்லை. கட்டைவிரலின் ஒளி இப்போது வந்ததா, ஒரு மணிக்கே வந்து தங்கிவிட்டதா? பழைய சாயத்தை இதற்குள் கல்லீரல் வடித்திருக்க வேண்டும். விரலை விட்டு வெளியேற வழியிருந்தால்.

மருத்துவர் தையலூசிக்குக் கை நீட்டினார்.

"சார், ஒரு நிமிஷம். கட்டைவிரல்ல தெரியறது பழைய சாயமா புதுசான்னு எனக்குத் தெரியல."

"பதிவப் போட்டுப் பாரேன்."

"பதிவே லேட்டாத்தான் ஆரம்பிச்சேன். ஊசிக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு படம் இல்ல. தப்பு என்னோடது."

மூச்சுக்கருவி நான்கு முறை ஏறி இறங்கியது.

"இணைச்சதப் பிரிச்சா, மறுபடி தைக்கறதுக்கு ரத்தக் குழாய்ல நீளம் மிச்சமிருக்குமான்னு எனக்கே தெரியாது" என்றார் மருத்துவர். "நீ சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா கட்டைவிரலும் மத்த விரலோட சேர்ந்து மங்கிடும் சார். பிரிக்கவே வேணாம். பத்து நிமிஷம் விளக்கு போடாம பார்ப்போம்."

அடைப்பு இருந்தால் அந்தப் பத்து நிமிடமும் விரலின் கணக்கில்தான் கழியும் என்பது இருவருக்கும் தெரியும். மருத்துவர் மயக்க மருத்துவரைப் பார்த்தார்.

"அவன் நல்லாத் தூங்கறான்" என்றார் அந்த அம்மாள். "இருட்டுல நிக்க வெச்சா நானும் தூங்கிடுவேன். அவ்வளவுதான் ஆபத்து."

காத்திருந்தனர். மூன்றாம் நிமிடத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாம் நிமிடத்தில் உள்ளங்கை மங்கியது. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல். கட்டைவிரலும் மங்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். தன் சந்தேகம் பொய்க்க வேண்டும் என்று அவள் விரும்பிய முதல் சந்தர்ப்பம் அது. எட்டாம் நிமிடத்தில் திரையில் கை இல்லை. கட்டைவிரல் மட்டும், வெட்டித் தனியே வைத்தாற்போல, சிறிதும் மங்காமல் ஒளிர்ந்தது.

பத்தாம் நிமிடத்துக்கு மருத்துவர் காத்திருக்கவில்லை.

"விளக்கு போடு. கத்தரி குடு."

அடைப்பு சிரையில் இருந்தது. இரத்தம் அரிசிக் குருணை அளவுக்கு உறைந்து வெளிவழியை மூடியிருந்தது. அதை எடுத்து, குழாயைக் கழுவி, முனைகளை மயிரிழை அளவே நறுக்கி மறுபடி இணைக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. நீளம் போதுமானதாக இருந்தது, உபரியாக எதுவும் இல்லை. குழாயை இறுக்கியிருந்த பிடிப்பான்களை எடுக்குமுன் மருத்துவர் தாமாகவே விளக்கை அணைக்கச் சொன்னார்.

சாயம் ஏற்றவில்லை, பிடிப்பான்களை மட்டும் எடுத்தார். ஆயினும் எல்லோரும் திரையையே பார்த்தனர். அடிப்பக்கத்திலிருந்து கட்டைவிரல் மங்கத் தொடங்கியது.

"அக்கா, இருட்டாகுது" என்றாள் செவிலி, கோவிலில் பேசுகிற குரலில்.

விரல் முழுவதும் அணைந்தபின் மயக்க மருத்துவர் சாய ஊசியை எடுத்தார். மருத்துவர் அவரைக் கையமர்த்திவிட்டு, பதிவு ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்று சொல்லி இருட்டக்கா பத்து வரை எண்ணினாள். எவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஊசி போட்ட பத்தொன்பதாம் வினாடியில் சுட்டுவிரல் ஒளிர்ந்தது, இருபத்திரண்டில் கட்டைவிரல். ஏற்றத்தைக் கண்டபின்னும் பதிவை அவள் நிறுத்தவில்லை. பதினோராம் நிமிடத்தில் கை முழுவதும் மங்கியது, கட்டைவிரல் உட்பட.

அறிக்கையில் அவள் எழுதினாள்: இரண்டாம் பதிவு தாமதமாகத் தொடங்கப்பட்டது, காரணம், கேமரா இயக்குபவர். கையெழுத்திட வாங்கிய மருத்துவர் அதன்கீழ் ஒரு வரி சேர்த்தார்: சாயம் முன்னதாக ஏற்றப்பட்டது, காரணம், அறுவை மருத்துவர்.

வெளியே நோயாளியின் அக்கா காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தாள். மருத்துவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனபின்னும் அவள் இருட்டக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒட்டிக்கிச்சாம்மா? நீ சொல்லு."

"இப்போதைக்கு ரத்தம் உள்ள போகுது. வெளியவும் வருது. மூணு நாள் பார்த்துட்டுத்தான் மத்தது சொல்ல முடியும்."

அக்கா தலையசைத்தாள். பனிக்கட்டி உருகிய பை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. அதை எங்கே போடுவது என்று கேட்டாள்.