கோடை கழிந்த பிறகு கையெழுத்து

சிட்டிபாபு செட்டியாரின் பட்டுக்கடையில் நான் பதினான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். கடிதம் எழுதுவதும் ஒப்பந்தப் பத்திரம் எழுதுவதும் என் வேலை. நெசவாளர், ஜரிகை வியாபாரி, வண்டிக்காரர் என்று எத்தனையோ பேருக்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். செட்டியார் காகிதத்தை நீட்டினால் வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். போட்ட பிறகுதான் யோசிப்பார்கள். முன்னால் யோசித்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் தையல்நாயகி அம்மாள்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் அவர். நிறம் பார்ப்பதும் கலப்பதும் அவர். அடுப்பு, விறகு, உலர்த்துவது எல்லாம் அவர் கணவர் மயில்வாகனத்தின் பொறுப்பு. யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. யார் பட்டு கொண்டுவந்தாலும் போட்டுக் கொடுப்பார்கள், முடிந்ததும் அடுத்தவர். 1927ஆம் வருஷம் தை மாதத்தில் செட்டியார் அவரோடு ஆறு மாத ஒப்பந்தம் செய்துகொண்டார். கடையின் அரக்குச் சிவப்பு முழுவதும் அந்த அம்மாள் போட வேண்டும். ஆனி கடைசியில் கெடு முடியும்.

இரண்டு மாதத்துக்குள் அந்த அரக்கு பேசப்பட்டது. அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நிழலில் வைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். வெயிலுக்குத் திருப்பினால் உள்ளேயிருந்து எரிவதுபோல் இருக்கும். பட்டணத்திலிருந்து வந்த வியாபாரிகள் மற்ற நிறங்களை ஒதுக்கிவிட்டு அதையே கேட்டார்கள். வேறு கடைக்காரன் யாராவது அந்த அம்மாளைக் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்று செட்டியாருக்குத் தூக்கம் போயிற்று.

"தேவராஜய்யங்காரே, இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டி எழுதும். நம்ம கடையைத் தவிர வேற யாருக்கும் போடக்கூடாது. இன்னிக்கே கையெழுத்து வாங்கிட்டு வாரும்" என்றார்.

நான் போனபோது அந்த அம்மாள் முற்றத்தில் செப்பு அண்டாவின் முன் நின்று, கழியில் மாட்டிய பட்டு நூல் கற்றைகளை, சிட்டங்களை, திருப்பிக்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டினேன். கை நிற்காமல் கேட்டார்.

"இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்குதே சாமி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ஆடி பிறந்துட்டா நல்ல காரியம் எழுத மாட்டா. அதுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு பார்க்கிறார்."

"ஆடி போனா ஆவணி வருது. ஓடியா போவப்போவுது?"

செட்டியார் இதைக் கூலிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். கூலியை உயர்த்தி மறுபடி எழுதச் சொன்னார். பங்குனியில் அதைக் கொண்டுபோனேன். மயில்வாகனம் விறகைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஒத்துக்கயேன். மூணு வருஷத்துக்கு வேலை தேடிக்கினு போவ வேணாம். இன்னா யோசனை?"

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"கூலி போதும் சாமி. அதுல கொறையில்ல. இப்ப தண்ணி நல்லா இருக்குது, நெறமும் நல்லா வருது. வைகாசியில இந்தக் கெணறு உப்பு பூக்கும். அப்ப அரக்கு மங்கும். வருஷா வருஷம் அந்த நேரம் சின்ன சின்ன வேலையா எடுத்து ஓட்டிடுவேன். ஒரே கடைக்கு, நாள் குறிச்சு, கோடையில போட்டுப் பழக்கமில்ல. என்னால முடியுதான்னு நானே பாக்கணும். முடியாத அன்னிக்கு உங்க செட்டியாரு என்னா பண்றாருன்னும் பாக்கணும். இப்ப மாலை போடுற மாதிரிதான் பேசுறாரு. அதை வெச்சு மூணு வருஷத்தை எழுதிக் குடுக்க முடியாதுபா."

நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். செட்டியாரிடம் முழுவதையும் சொல்லவில்லை. கோடை கழியட்டும் என்றார் என்று மட்டும் சொன்னேன். "தலைக்கனம்" என்றார் அவர். கடையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். வாலாஜாவிலிருந்து வேறொரு சாயக்காரரைக் கூப்பிடப் போகிறார் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. அது அந்த அம்மாள் காதுக்கும் போயிற்று. அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் மயிலாப்பூர் வக்கீல் வீட்டிலிருந்து கடைக்குப் பெரிய வேலை வந்தது. ஆவணியில் கல்யாணம். இருபத்து நான்கு புடவை, எல்லாம் அரக்கு. வைகாசி இருபதுக்குள் சாயம் முடிந்தால்தான் தறியில் ஏற்ற முடியும். செட்டியார் பட்டை அனுப்பினார். அந்த வருஷம் வெயில் கொடுமை. கருடசேவைக் கூட்டம் வந்து போனபோது ஊர்க் கிணறுகளில் பாதிக்கு அடிமண் தெரிந்தது.

வைகாசி பதினெட்டாம் தேதி காலை, சாயம் போட்ட பட்டு மூட்டையைத் தானே தலையில் சுமந்துகொண்டு அந்த அம்மாள் கடைக்கு வந்தார். மூட்டையை அவிழ்த்துச் சிட்டங்களை வாசலில் வெயிலில் பரப்பினார்.

"செட்டியாரே, இது சரியா வரல. தறிக்கு அனுப்பாதீங்க."

செட்டியார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு தையலம்மா?"

"பழசு ஒண்ணு எடுத்துக்கினு வந்து பக்கத்துல வைங்க."

வைத்தோம். அப்போது தெரிந்தது. புதியதில் அந்த உள்ளெரியும் ஒளி இல்லை. செங்கல்லைப்போல் சிவந்து கிடந்தது.

"பக்கத்துல வெச்சாத்தான் தெரியுது. கல்யாண வீட்டுல யாரு பக்கத்துல வெச்சுப் பார்க்கப் போறாங்க?" என்றார் செட்டியார்.

"எனக்குத் தெரியுதே. பத்து நாள் குடுங்க. செவிலிமேட்டுக்கிட்ட பாலாத்துல ஊத்து தோண்டி, அந்தத் தண்ணியை வண்டியில கொண்டாந்து மறுபடியும் போட்டுத் தரேன். வண்டிச் செலவு என்னுது."

செட்டியாருக்குக் கோபம் பொங்கிவிட்டது. வக்கீல் வீட்டுக்கு யார் பதில் சொல்வது, நாள் தவறினால் கடைப் பெயர் என்னாவது என்று தெருவே கேட்கும்படி கத்தினார். அவர் முடிக்கும்வரை அந்த அம்மாள் நின்று கேட்டார். பிறகு சிட்டங்களை ஒவ்வொன்றாக மடித்து, மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பட்டை எடுத்துப் போவதைச் செட்டியார் தடுக்கவில்லை.

மறுநாள் காலை வக்கீலுக்குக் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். "சாயக்காரியின் தவறினால் பத்து நாள் தாமதமாகிறது" என்று சொன்னார். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். வெற்றிலையை மடித்தவர் அதை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார்.

"அதை அடியும். தவறுன்னு அந்த அம்மா வந்து சொல்லலைன்னா நமக்கே தெரிஞ்சிருக்காது. நிறம் எங்களுக்குத் திருப்தியாக இல்லை, அதனால் எங்கள் கடை பத்து நாள் தவணை கேட்கிறதுன்னு எழுதும்" என்றார். பிறகு, "நம்ம வண்டியையும் செவிலிமேட்டுக்கு அனுப்பச் சொல்லும்" என்றார்.

வண்டியோடு நானும் போனேன். பாலாற்று மணலில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். மயில்வாகனம் உள்ளே இறங்கி நீரை மொண்டு கொடுக்க, அந்த அம்மாள் ஒவ்வொரு குடத்திலும் ஒரு கை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தே வண்டியில் ஏற்றினார். இரண்டு குடத்தை மணலிலேயே கவிழ்த்தார். வெயில் சுட்டெரித்தது. எனக்குக் கால் வைக்க முடியவில்லை.

"சாமி, வக்கீல் வூட்டுக்கு என்னான்னு எழுதினாரு?" என்று கேட்டார்.

முதலாளியின் கடிதத்தை வெளியில் சொல்லக்கூடாது. ஆனால் அந்த இடத்தில் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் சொன்னதையும் சொன்னேன், அதை அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொன்னதையும் சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "மொதல்ல கோவம் வருது, அப்பறம் யோசிக்கிறாரு. சரி. அது தெரிஞ்சா போதும்" என்றார்.

ஒன்பதாம் நாளே பட்டு வந்துவிட்டது. பழைய சிட்டத்தோடு சேர்த்து வைத்தால் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. புடவைகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாக மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தன.

ஆனியோடு பழைய கெடு முடிந்தது. ஆடியில் செட்டியார் ஒப்பந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆவணி முதல் வாரத்தில் மயில்வாகனம் கடைக்கு வந்து, "அய்யங்காரைப் பத்திரத்தோட வரச் சொல்லுது" என்றார். செட்டியார் பேனாவையும் மைக்கூட்டையும் தானே எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஆனால் மூன்று வருஷத்துக்கு அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம்; அது முடிந்ததும் மறு ஆவணியில் பேசிக்கொள்ளலாம். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நாள் குறிக்கக்கூடாது. தெருவில் இதுவரை வேலை கொடுத்துவந்த நாலு நெசவாளிகளுக்கு எப்போதும்போல் போட்டுக் கொடுப்பார். கடைசி நிபந்தனைக்குச் செட்டியார் மூன்று நாள் முறுக்கிக்கொண்டு, நாலாம் நாள் ஒத்துக்கொண்டார். அந்த அம்மாள், நான் திருத்தி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார்.

அதன் பிறகு ஏழு ஆவணி அந்தப் பத்திரத்தை நான் புதுப்பித்தேன். எட்டாவது ஆவணியில் போனபோது அவர் காகிதத்தை வாங்கவில்லை.

"வேணாம் சாமி. போன மாசம் ரெண்டு தடவை, நெறம் சரியா இருக்குதான்னு எங்க வூட்டுக்காரரைக் கேட்டேன். எனக்கே சட்டுனு புடிபடல. இனிமே தெருவுக்கு மட்டும் போடுறேன்."

செட்டியார் நம்பவில்லை. தானே புறப்பட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே போனார். இன்னும் ஒரே வருஷம் என்று கேட்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவர் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன். அந்த அம்மாள் அவருக்கு மோர் கொடுத்தார். பிறகு அதே தெருவில் சாயம் போடுகிற இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, "கோடையில கமலாட்சிகிட்ட குடுங்க, அவ தண்ணி பாத்துப் போடுவா. மத்த நாள்ல ரெண்டு பேருல யாரு போட்டாலும் சரி" என்றார்.

செட்டியார் இரண்டு பெயரையும் என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.