மீட்டர் மணியும் கடிகார மணியும்

டிராக்டர் ஓட்டுகிறவன் நிலமே ஊரில் கடைசியாக உழப்படுவது என்ன நியாயம் என்று பாஞ்சாலை கேட்காத ஆள் அடி அண்ணாமலை கிராமத்தில் கிடையாது. அவள் புருஷன் சுப்பிரமணி, தன் அண்ணன் தசரதனின் டிராக்டரை எட்டு வருஷமாக ஓட்டுகிறான். மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தானென்றால் அண்ணனின் ஐந்து ஏக்கர், வாடகை கொடுக்கிறவர்கள் நிலம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, கடைசியில்தான் தன்னுடைய மூன்று ஏக்கர் மானாவாரிக்கு வருவான். அதற்குள் செம்மண் காய்ந்து இறுகிப் போயிருக்கும். கலப்பை இறங்காது, இறங்கினாலும் கட்டி கட்டியாகப் பெயரும். அதில் போட்ட வேர்க்கடலையில் பாதிதான் முளைக்கும்.

"காசு குடுக்கறவன் நிலத்த மொதல்ல முடிக்கணும்ல? நம்ம நிலந்தானே, எங்க ஓடிப் போவுது?" என்பார் தசரதன். வருஷா வருஷம் ஆடியில் இதே பேச்சு, கூடவே ஒரு சிரிப்பு. நிலம் ஓடவில்லைதான், ஈரம் ஓடிவிடுகிறதே! அதை அண்ணனிடம் எடுத்துச் சொல்ல சுப்பிரமணிக்கு வாய் கிடையாது. அண்ணன் தும்மினாலே எழுந்து நிற்கிற ஆள் அவன்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் பாஞ்சாலை ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த ஆடியில் முதல் ஈரம் அவள் நிலத்துக்குத்தான். அதற்காக இரண்டு எருமைகளை விற்றாள், சீட்டை எடுத்தாள், கழுத்துச் சங்கிலியையும் கழற்றினாள். புது டிராக்டருக்கு அது காணாது. ஓடிய வண்டி, சின்ன வண்டி என்றால் ஒன்று வாங்கலாம். அது வந்து படுத்துக்கொண்டால் அடுத்து விற்பதற்கு அந்த மூன்று ஏக்கர் மட்டும்தான் மிச்சம். இது அவளுக்கும் தெரியும், ராத்திரியெல்லாம் புரண்டு படுத்த சுப்பிரமணிக்கும் தெரியும்.

விஷயம் தசரதன் காதுக்குப் போனதும் அவரே கிளம்பி வந்துவிட்டார். "பொம்பள போய் டிராக்டர் வாங்கனா ஊரு சிரிக்காது? நான் வரேன். நாலு வண்டிய பாத்தவன் ஒருத்தன் கூட இருக்கணும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூத்தார் ஆயிற்றே. மூன்று பேரும் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய், அங்கிருந்து வேங்கிக்கால் வரைக்கும் நடந்தார்கள்.

வேலூர் ரோட்டு ஓரத்தில் ஜியாவுல்லா பாயின் ஷெட் இருந்தது. பழைய லாரி, பழைய டிராக்டர் வாங்கி விற்பது அவர்கள் குடும்பத் தொழில். ஷெட்டுக்கு வெளியே, புங்க மரத்து நிழலில், புதிதாக நீலப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன டிராக்டர் நின்றது. பார்த்ததும் பாஞ்சாலைக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆசையை முகத்தில் காட்டக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

தசரதன் முதல் வேலையாக டயரை எட்டி உதைத்தார். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மீட்டரைக் குனிந்து பார்த்தார். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் அது.

"ஆயிரத்து நூத்து சொச்சம் மணிதான் ஓடியிருக்குது! நம்ம வண்டி நாலாயிரத்த தாண்டிடுச்சு. இது இன்னும் பால்குடி மறக்காத கொழந்த. பாய், எவ்ளோ சொல்றீங்க?"

"இருபத்தெட்டாயிரம். மீட்டர் கம்மியா இருக்கறதாலதான் அந்த வெல. போளூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் சொந்த நிலத்துக்கு வெச்சிருந்தாராம். புரோக்கர் மூலமா வாங்கினேன்" என்றார் ஜியாவுல்லா.

"நியாயமான வெலதான். பேசி முடிச்சிடலாம்" என்று தசரதன் பாஞ்சாலை பக்கம் திரும்பினார். தன் வண்டிக்கு அன்று மத்தியானம் ஒரு லோடு இருந்தது. அந்த அவசரம் அவருக்கு.

பாஞ்சாலை வண்டியைச் சுற்றி வந்தாள். பின் சக்கரத்துக்கு மேலே இருந்த மட்கார்டில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புதுப் பெயின்ட் வழவழவென்று இருந்தது, ஆனால் அதற்கு அடியில் தகடு லேசாகக் குழிந்திருந்தது. வட்டமான குழி. விரலால் தடவினாள். பக்கத்திலேயே இன்னொரு வட்டம், அதற்குப் பக்கத்தில் ஒன்று. குடத்தின் அடிப்பாகம் அளவுக்கு இருந்தன.

ஜியாவுல்லாவின் கண்ணுக்கும் தசரதனின் கண்ணுக்கும் தெரியாதது அவள் கைக்குத் தெரிந்தது. எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சத்தில் கிணறெல்லாம் வறண்டபோது, டேங்கர் இழுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்கு ஒரு டிராக்டர் வந்தது. அப்போது அது சிவப்பு. குழாயில் முறை வருகிற வரைக்கும் பெண்கள் பித்தளைக் குடங்களை அதன் மட்கார்டின் மேல் டொம்மென்று வைத்துவிட்டு நிற்பார்கள். டிரைவர் திட்டுவான், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பாஞ்சாலையே எத்தனை தடவை வைத்திருப்பாள்! செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது என்பதால் அந்த டிரைவர் எஞ்சினை அணைக்கவே மாட்டான். காலையில் வந்து நின்றால் சாயங்காலம் வரைக்கும் தெருத் தெருவாக டக் டக்கென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் சண்டை போடுவார்கள்.

"பாய், இது தண்ணி வண்டி" என்றாள்.

ஜியாவுல்லா புருவத்தைத் தூக்கினார். "உழவு வண்டின்னுதாம்மா என்கிட்ட சொன்னாங்க."

"எங்க தெருவுக்கு வந்த வண்டி பாய் இது. என் கொடம் பட்ட குழி இங்க இருக்குது, தொட்டுப் பாருங்க."

தசரதன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, வருஷம் பூரா தண்ணி அடிச்ச வண்டியா இருந்தா மீட்டர் எங்கியோ போயிருக்கும். நீ சொல்றத நம்பறதா, மீட்டர் சொல்றத நம்பறதா?"

அவர் கேட்டது சரிதான். அப்படி ஓடிய வண்டிக்கு ஆயிரத்து நூறு எப்படிப் பொருந்தும்? யாரோ மீட்டரைத் திருப்பிவிட்டிருக்க வேண்டும். அவள் ஜியாவுல்லாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அல்லா அறிய, நான் மீட்டர்ல கை வெச்சதில்ல. எங்க வாப்பா காலத்துல இருந்து இந்தத் தொழில் பண்றோம். பாருங்க, கம்பெனி சீல் அப்டியே கீது." குனிந்து, மீட்டருக்குப் பின்னால் இருந்த ஈயப் பொட்டைக் காட்டினார். அது உடையாமல் இருந்தது.

பொய் சொல்கிற முகம் இல்லை அது. குடத்துக் குழியும் பொய் இல்லை. இரண்டும் நிஜமென்றால் நடுவில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது. என்ன என்று தெரியாமல் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு அவள் என்ன பைத்தியமா?

"சரி பாய். வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. எங்க தெருவுல எப்டி நின்னுச்சோ அப்டியே நிக்கட்டும். ஒரு மணி நேரம் பாக்கறேன்."

"ஒரு மணி நேரமா! டீசல் யாரு அப்பன் வூட்டுது?" என்றார் தசரதன்.

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிரித்து, டீசலுக்கென்று ஒரு நோட்டை எடுத்து ஜியாவுல்லாவின் மேஜை மேல் வைத்தாள் பாஞ்சாலை. வைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளை அங்கிருந்து எழுப்ப முடியாது என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சுப்பிரமணி ஏறி எஞ்சினைக் கிளப்பினான். டக் டக்கென்று அது ஓட ஆரம்பித்ததும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே சத்தம்.

ஜியாவுல்லா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மீட்டர் மேலேயே மாட்டிவிட்டார். மீட்டரின் கடைசியில் ஒரு சிவப்பு எண் உண்டு, ஒரு மணியைப் பத்தாகப் பிரித்துக் காட்டுவது அது. டீ வந்தது, குடித்தார்கள். தசரதன் ரோட்டுக்குப் போய்ப் பஸ்ஸைப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். மலை உச்சியில் கறுப்பாக மேகம் இறங்கியிருந்தது. மழை முந்திக்கொண்டால் இந்த ஆடியும் போச்சு என்று பாஞ்சாலை அதையே பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனது. பத்து எண் நகர்ந்திருக்க வேண்டிய மீட்டரில் நான்குதான் நகர்ந்திருந்தது.

ஜியாவுல்லா கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "மீட்டர் கெட்டுப் போச்சா?"

அதுவரை வாயைத் திறக்காத சுப்பிரமணி, "இருங்க பாய்" என்று ஏறி, கை ஆக்ஸிலேட்டரை உழுகிற வேகத்துக்கு இழுத்து வைத்தான். எஞ்சின் அலறியது. ஆறு நிமிஷத்தில் சிவப்பு எண் ஒன்று சரியாக நகர்ந்தது. இன்னொரு ஆறு நிமிஷம், இன்னொரு எண். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தான், மீட்டரும் சோம்பிவிட்டது.

"மீட்டர் கெடல. எஞ்சின் எத்தினி சுத்து சுத்துதுன்னு எண்ணி அத மணியா காட்டுது. மெதுவா ஓடனா மெதுவாத்தான் எண்ணும். தெருவுல நின்ன நேரத்துல பாதிக்கு மேல அதுல ஏறவே இல்ல" என்றான். இத்தனை வருஷம் டிராக்டர் ஓட்டியும் அன்றைக்குத்தான் அது அவனுக்கும் புரிந்தது.

ஜியாவுல்லா தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இது ரெண்டாயிரத்துக்கு மேல ஓடின வண்டி. நானே ஏமாந்து ஜாஸ்தி குடுத்து வாங்கியிருக்கேன்."

"நான் அப்பவே நெனச்சேன்! கெழட்டு வண்டி. வா பாஞ்சால, போலாம். ஆடி வந்துடுச்சு, இந்த வருஷமும் நம்ம வண்டியே உழுவட்டும்" என்றார் தசரதன்.

பாஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. தம்பி தன் கையை விட்டுப் போகமாட்டான் என்கிற நிம்மதி. கிளம்ப எழுந்தவள், நேராக வண்டிக்குப் பின்னால் போனாள்.

டிரெய்லர் மாட்டுகிற கொக்கி தேய்ந்து பளபளத்தது. ஆனால் கலப்பையைத் தூக்குகிற இரண்டு இரும்புக் கைகள்? அவற்றின் துளைக்குள் கம்பெனியில் அடித்த பழைய சிவப்புப் பெயின்ட் உரியாமல் அப்படியே இருந்தது. ஒரு தடவைகூடக் கலப்பை ஏறாத துளை அது. தண்ணீர் வண்டிக்குக் கலப்பை எதற்கு?

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் லிவரைப் போட்டுக் கைகளை ஏற்றி இறக்கினான். நடுங்காமல் ஏறின, நிறுத்திய இடத்தில் நின்றன. எஞ்சின் எண்ணெய் மூடியைக் கழற்றினான், தேய்ந்த எஞ்சினைப் போலப் பெரிதாகப் புகை வரவில்லை. கியர் போட்டு நகர்த்தியபோதுதான் கிளட்ச் வழுக்கியது. தெருவுக்குத் தெரு நின்று நின்று கிளம்பியதில் அது தேய்ந்து போயிருந்தது.

"பின்பக்கம் புதுசு. எஞ்சினு நடு வயசு. கிளட்ச்சு மட்டும் செத்துப் போச்சு" என்றான் சுப்பிரமணி, அண்ணனைப் பார்க்காமல்.

"பாய், இருபத்தோராயிரம். கிளட்ச் பிளேட்ட நீங்களே மாத்திக் குடுத்துடணும்" என்றாள் பாஞ்சாலை.

"பிளேட்டயும் மாத்தி அந்த வெலயா? எனக்கு இன்னாம்மா நிக்கும்?" என்று ஜியாவுல்லா வானத்தைப் பார்த்தார். பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. தசரதன் குறுக்கே பேச வந்த இரண்டு தடவையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டாயிரத்தில் முடிந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, டீசலுக்கு அவள் வைத்த நோட்டை மட்டும் பாய் திருப்பி நீட்டினார். "இத வெச்சிக்கம்மா. இனிமே வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு மணி நேரம் ஒக்காந்து பாக்கறேன்."

கிளட்ச் மாற்றி இரண்டாம் நாள் வண்டி வீட்டுக்கு வந்தது. அந்த வாரமே ஒரு ராத்திரி மழை அடித்துக் கொட்டியது. பாஞ்சாலை தூங்கவே இல்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாக வாசலில் தசரதன் குரல் கேட்டது. "சுப்பிரமணி! கெளம்புடா. நாலு பேரு காத்துக்கினு கீறாங்க அங்க."

சுப்பிரமணி அப்போதுதான் தன் வண்டியில் கலப்பையை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பாஞ்சாலை வாயைத் திறக்கவில்லை. இதை அவன்தான் சொல்ல வேண்டும். பேசாமல் நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும்.

"என் நிலத்த முடிச்சிட்டு வரேண்ணா" என்றான் சுப்பிரமணி. ஒரு வழியாகச் சொல்லிவிட்டான். பாஞ்சாலைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவற நேரம் ஆவும்ணா."

தசரதன் இன்னும் கிட்டே வந்தார். "டேய், வாடகை நிலம் போனா போவுது. என் நிலம் அஞ்சு ஏக்கரு சும்மா கெடக்குது. உன்ன விட்டா வண்டி ஓட்ட எனக்கு ஆளு ஏது? ஈரம் போயிடும்டா!"

இப்போது பாஞ்சாலை விதைக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உங்க நிலந்தானே மாமா," என்றாள், "எங்க ஓடிப் போவுது?"

சுப்பிரமணி வண்டியைக் கிளப்பினான்.