பேர் வெட்டும் கடை

எங்கள் சாத்தூரில், போனில் பார்த்த பொருளை ஒருவர் கார்ட்டில் போட்டு வைத்தால் மறுநாள் காலை அது அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். வாங்கினால் உள்ளே போகும். வேண்டாம் என்று எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். இரண்டும் இல்லையென்றால் நின்றுகொண்டே இருக்கும். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, முக்கால்வாசிப் பேர் இரண்டையும் செய்வதில்லை. அதனால் மேலத்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகத்தான் இடம் இருக்கும்.

ஜெபமலர் டீச்சர் வீட்டு வாசலில் ஒரு பிரிட்ஜ் ஏழு மாதமாக நின்றது. நல்ல மாதிரியான பிரிட்ஜ். பால்காரர் வந்தால் தானே ஒதுங்கிக்கொள்ளும். பாத்திரக்கடை காளீஸ்வரி தினமும் அதைத் தாண்டித்தான் கடை திறக்கப் போவாள். மழை நாளில் ஒரு சாக்கை எடுத்து அதன் தலையில் போட்டுவிட்டுப் போவாள்.

"உனக்கும் எனக்கும் ஒரே பொழப்புதான், போ" என்பாள்.

அது உண்மைதான். கடையில் ஈ ஓட்டக்கூட ஈ வரவில்லை. ஊரே போனில் வாங்கியது, வாங்காதவர்கள் கார்ட்டில் போட்டார்கள். புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாளாய் நடத்திய கடை. கொழுந்தன் தர்மராசு வந்து, கடையை ஒரு செல்போன் கவர்க்காரருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான்.

"இனிமே கடையேறி வந்து யாரு மதினி பாத்திரம் வாங்குவா? வெள்ளிக்கிழமை பூட்டோட வாரேன்."

"வாங்க, வாங்க. பூட்டை நல்லாப் பெருசாக் கொண்டு வாங்க" என்றாள் அவள். வேறென்ன சொல்வது?

தர்மராசு நிலைமையும் ஒன்றும் வாழவில்லை. நாலு மாதம் முன்னால் சண்டை போட்டு அருப்புக்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் அவன் பெண்டாட்டி விமலா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வாசலில் போய் நின்றுவிட்டு வருவான். அவள் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

புதன்கிழமை காலையில் காளீஸ்வரி கடைக்குப் போகும்போது பிரிட்ஜ் அவள் பின்னாலேயே வந்தது. முந்தின நாள் டீச்சர் போனை வைத்துக்கொண்டு அதைக் கார்ட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்ததை அது பார்த்திருக்க வேண்டும். கடைக்குள் வந்து, பேர் வெட்டும் மெஷின் பக்கமாகத் தன் விலாவைத் திருப்பி நின்றது. மெஷினுக்கு மேலே போர்டு தொங்கியது. மாமனார் காலத்துப் போர்டு. 'பேர் வெட்டிய பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.'

காளீஸ்வரி போர்டைப் பார்த்தாள், பிரிட்ஜைப் பார்த்தாள்.

"பாத்திரம் எடுத்தாத்தான் பேர் வெட்டித் தருவேன். சும்மா வெட்டுறது இந்தக் கடையில வழக்கமில்ல."

பிரிட்ஜ் சுற்றிப் பார்த்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொண்டது. அவளும் டம்ளரில் ஒன்று, பிரிட்ஜில் ஒன்று என்று 'வ. ஜெபமலர்' என முத்து முத்தாக வெட்டிக் கொடுத்தாள். பிரிட்ஜ் நேரே வீட்டுக்குப் போய், வாசலில் நிற்காமல், அடுப்படியில் போய் நின்றது. டீச்சர் பேரைத் தடவிப் பார்த்தார். பேர் வெட்டியான பிறகு பேச்சே இல்லை அல்லவா? போனை எடுத்து வாங்கிவிட்டார். சாயங்காலம் டம்ளருக்கு உண்டானதைக் கொடுக்க வந்தவர், "இன்னொரு டம்ளர் இருந்தா ஜோடியா இருக்கும்" என்று அதையும் வாங்கிப் போனார்.

வியாழக்கிழமை கடை திறக்குமுன்னே வரிசை நின்றது. வாஷிங் மெஷின், தையல் மெஷின், மூன்று மிக்சி, ஒரு தொட்டில். எங்கெங்கோ வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்தவை எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம் எடுத்தது. தொட்டில் மட்டும் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்க, காளீஸ்வரியே பிள்ளைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடையை எடுத்து அதற்குள் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமில்லை. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை தர்மராசு பூட்டோடு வந்தான். வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. "நான் இந்த வீட்டு ஆளு" என்று முன்னால் போகப் பார்த்தான். ஒரு பீரோ நகர மறுத்தது. சரியென்று ஒரு ட்ரெட்மில்லுக்குப் பின்னால் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு சோபா வந்து நின்றது. கவர்க்காரர் வந்து, வரிசையைப் பார்த்து, அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தர்மராசு முறை வந்தபோது மணி நாலரை. காளீஸ்வரி தலை நிமிரவில்லை.

"யார் பேரு?"

அவன் பூட்டை நீட்டினான். கையில் கனத்தது போலும், மேஜையில் வைத்தான். அடுக்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்ததைப் பார்த்தான்.

"உங்க பேரையே போடுங்க மதினி."

"பாத்திரம் எடுத்தாத்தான்."

அவன் ஒரு இட்லிக் கொப்பரையை எடுத்தான். இரண்டு பேர் வீட்டுக்கு அளவானது. அவள் பூட்டில் 'காளீஸ்வரி' என்று வெட்டினாள். பூட்டு மேஜையில் உருண்டு அவள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொப்பரையைத் திருப்பி, "இதுல?" என்றாள்.

"விமலான்னு போடுங்க."

வெட்டிக் கொடுத்தாள். அவன் கொப்பரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றான்.

"இன்னும் என்ன?"

"அப்படியே எனக்கும் ஒண்ணு" என்று சட்டைக் கையை மடித்து நீட்டினான். "அதே பேருதான்."

காளீஸ்வரி ஊசியைத் துடைத்தாள். "இனிஷியலோடயா, இல்லாமலா?"

"இனிஷியலோடயே போட்டுருங்க. ஊருல இன்னொரு விமலா இருக்கா."

"அப்போ ஆடாம நில்லுங்க" என்று மெஷினை ஓடவிட்டாள். சோபா ஓரடி முன்னால் வந்தது.