கிறிஸ்துநாயகத்தின் துவக்கு

படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்குள் கிறிஸ்துநாயகம் அன்று காலையும் தவழ்ந்து போயிருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான். முதலில் தூசி உறிஞ்சும் ஹூவர் வந்தது. பிறகு குடைகள், பெட்டியோடு நத்தார்ப் பண்டிகை மரம், மகள் றஜீனாவின் பழைய சப்பாத்துகள். ஹூவரின் குழாயை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இது அதில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"என்னப்பா தேடுறியள்?" மனைவி செல்வமலர் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"துவக்கு. என்ர எஸ்.எம்.ஜி. எங்க எடுத்து வைச்சனீர்?"

"நான் காணேல்லை."

"பின்னேரத்துக்குள்ள குடுக்க வேணும். குடுக்காட்டி..." அந்த இடத்தில் வாய் கட்டிப்போய்விடும். கண் கலங்கும். மறுபடியும் உள்ளே போய்விடுவார்.

மறதி நோய் வந்த மனிதர்கள் சாவியைத் தேடுவார்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். இவர் தேடியது ஊரில் பறிகொடுத்த துவக்கை, சின்ன இயந்திரத் துப்பாக்கியொன்றை. மன்னார்ப் பக்கத்துச் சின்னப் பொலிஸ் நிலையமொன்றில் அவர் கொன்ஸ்டபிளாக இருந்தவர். கலியாணம் முடித்த வருசமே இயக்கப் பொடியங்கள் நிலையத்தை அடித்து, இருந்த ஆயுதம் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இவர் கையில் இருந்த ஸ்ரேர்லிங் எஸ்.எம்.ஜி.யும் அதோடு போனது. விடிந்ததும் ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. அக்கா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்த செல்வமலரின் தம்பி கொட்வினையும் ட்ரக்கில் ஏற்றியது. ஏற்றினதுதான், அவன் திரும்பவில்லை.

அன்று முழுவதும் கிறிஸ்துநாயகம் பற்றைகளுக்குள்ளும் வயல் வாய்க்கால்களுக்குள்ளும் துவக்கைத் தேடித் திரிந்தார். இருண்ட பிறகு முழங்கால்வரை சேற்றோடு வந்து வாசலில் குந்தினார். தம்பியைத் தேடிப் போகாமல் வேலையைக் காப்பாற்றத் துவக்குத் தேடிய மனிதன் என்று செல்வமலர் அன்றைக்கே மனதில் எழுதிவிட்டாள். அந்த வேலையும் மிஞ்சவில்லை. பிறகு லண்டன், மோர்டனில் வீடு, பிள்ளை, பிள்ளையின் படிப்பு என்று காலம் ஓடியது. செல்வமலர் அவருக்குச் சமைத்தாள், காய்ச்சல் வருத்தம் வந்தால் பார்த்தாள், பூசைக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த ஒன்றை மட்டும் மன்னிக்கவில்லை. கொட்வினுக்காக இளைப்பாற்றிப் பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

கிறிஸ்துநாயகத்தைக் கூட்டிப்போகும் பகல் பராமரிப்பு நிலையத்தில், தன் குழந்தையைக் காணவில்லை என்று அழுத ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு நேர்ஸ் ஒரு பொம்மையைக் கொடுத்ததை அவள் பார்த்தாள். கிழவி அதை மடியில் வைத்தபடி உறங்கிப்போனாள். அடுத்த நாளே செல்வமலர் விளையாட்டுத் துவக்கொன்று வாங்கி வந்தாள். கிறிஸ்துநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னை விசரன் எண்டு நினைச்சீரோ?" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசிக் கனநாள் ஆகியிருந்தது.

சுட முடியாதபடி உள்ளே ஒட்டி அடைத்து, அதற்கொரு சான்றிதழும் கொடுத்து, உண்மையான துவக்குகளை இந்த நாட்டில் விற்கிறார்கள் என்பதை ஃபோனில் தேடித்தான் அறிந்தாள். அவற்றைச் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு குழுவும் இருந்தது. 'நான் புதிது, எனக்கு ஒரு ஸ்ரேர்லிங் வேண்டும்' என்று எழுதிப் போட்டாள். தேத்தண்ணீர் ஆற முதல் வரவேற்பு வந்து குவிந்தது. எந்த வருசத்தது வேண்டும், பொலிஸுடையதா ஆமியுடையதா, முதல் துவக்கென்றால் அவசரப்பட வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் அக்கறை. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோதுகூட அவளை இப்படி யாரும் தாங்கியதில்லை.

றஜீனா ஹரோவிலிருந்து ஃபோனில் கத்தினாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? வீட்டுக்குள்ள துவக்கா? அப்பா அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனா பொலிஸ் சுட்டுப்போடும்!"

"கதவு பூட்டித்தானே பிள்ளை கிடக்குது. ஒவ்வொரு நாளும் அழுகிறார். நீ வந்து பாக்கிறியோ?"

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. செல்வமலர் சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

குரோய்டன் பக்கத்து மண்டபம் ஒன்றில் அந்தக் குழு மாதம் ஒருமுறை கூடும். மேசை மேசையாகத் துவக்குகள். இடையில் ஒரு பெரிய கேத்தலும் எலுமிச்சங் கேக்கும். கார்டிகன் போட்ட தமிழ் அம்மா ஒருத்தி உள்ளே வந்ததும் வழுக்கைத் தலைகள் எல்லாம் எழுந்து கதிரை தேடின. விற்பவர் கொலின். நோர்தேர்ன் லைனில் ரயில் ஓட்டி ஓய்ந்தவர். பச்சைத் துணியை விரித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல அதைக் கிடத்தினார். துளைத் துளையான உறை, இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மகசின், மடித்து வைக்கிற பிடி.

"எல்லா இலக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும்," என்றார் பெருமையாக. "தொட்டுப் பாருங்கள்."

தொட்டாள். குளிர்ந்து கிடந்தது. கொட்வினின் சேட்டைப் பிடித்து இழுத்தவனின் தோளிலும் இதுதான் தொங்கியது. இந்த நல்ல மனிதர்கள் இதன் ஒவ்வொரு ஆணியையும் ஆசையாகத் துடைத்து வைத்திருந்தது அவளுக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது. இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாமல் ஒரு வாழ்க்கை இவர்களுக்கு வாய்த்திருக்கிறதே என்று நினைத்தாள்.

"கணவர் பொலிஸில் இதை வைத்திருந்தவர்," என்று மட்டும் சொன்னாள். கொலினின் கண்கள் விரிந்தன. விலையைக் குறைத்தார். வெளியே மூடித்தான் கொண்டுபோக வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், சான்றிதழைத் தொலைக்கக் கூடாது என்று மூன்று தரம் சொன்னார். நீளமான பையொன்றில் தானே வைத்துத் தந்தார். "கண்டதும் அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கு எழுத வேண்டும். சரியா?"

கணவர் கையில் அதை நேரே கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தேடுகிற மனிதன் தானே கண்டுபிடித்தால்தான் அது கண்டுபிடிப்பு. ஹூவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

காலையில் ஹூவர் வெளியே வந்தது. குடைகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. செல்வமலர் குசினி வாசலில் நின்று பார்த்தாள். கிறிஸ்துநாயகம் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. பிடியை ஒரே இழுவையில் விரித்து, மறுபடி மடித்தார். தேத்தண்ணீருக்குச் சீனி எவ்வளவு என்பதையே மறந்த கைகள் அவை. துவக்கின் குதிரையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கறள் பிடிச்சுப் போச்சு," என்றார். "காரியமில்லை. குடுத்தாப் பாரம் எடுப்பினம்."

முகம் கழுவினார். ஸ்திரி போட்ட சேட் கேட்டார். செல்வமலர் பைப்பைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். சந்தோசம்தான். கடைசியில் இந்த மனிதனுக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்துவிட்டேன் என்ற சந்தோசம். சோற்றுக்கு அரிசியைக் கழுவத் தொடங்கினாள்.

அவர் சேட்டின் பொத்தான்களை மாறிப் பூட்டியபடி குசினிக்குள் வந்தார். துவக்கு தோளில் தொங்கியது.

"நான் ஆமிக் காம்புக்குப் போட்டு வாறன்."

"காம்புக்கோ? ஸ்ரேசனிலயெல்லோ குடுக்க வேணும்?"

"இல்லை நேர்ஸ்." சில நாட்களில் அவள் அவருக்கு நேர்ஸ்தான். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "விடியவே நான் காம்புக்குப் போனனான். ஆமிப் பெரியவர் சொன்னவர், துவக்கைக் கொண்டு வா, மச்சானைக் கூட்டிக்கொண்டு போ எண்டு. பின்னேரம் மட்டும்தான் தவணை. என்ர மனிசி செல்வத்துக்குச் சொல்லிப்போடாதேயும். பொடியன்ர உயிர் இதில தொங்குது எண்டு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

பைப் ஓடிக்கொண்டே இருந்தது. முழங்கால்வரை சேறு, வாசலில் குந்தியிருந்த அந்த முதுகு. அன்றிரவு அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்கவுமில்லை. இவ்வளவு காலமும் இதை விழுங்கிக்கொண்டா பக்கத்தில் படுத்திருந்தார்?

"தாங்கோ," என்று கையை நீட்டினாள். "நான் கொண்டே குடுக்கிறன். நீங்கள் களைச்சுப் போனியள், இருங்கோ."

யோசித்தார். பிறகு தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தார். "விட்டிடுவினம்தானே?"

"ஓம்," என்றாள் செல்வமலர். "விட்டிடுவினம்."

கிறிஸ்துநாயகம் பெரிய மூச்சொன்றை விட்டுக் கதிரையில் அமர்ந்தார். மேசையில் கிடந்த ஃபோன் இரண்டு தரம் சிணுங்கியது. கொலினாக இருக்கும். கண்டதும் அவர் என்ன சொன்னார்?

"நேர்ஸ்," என்றார் அவர், கண்ணை மூடியபடி. "செல்வத்திட்ட இன்னுமொரு பிடி கூடப் போடச் சொல்லும். பொடியன் பசியோட வருவான்."

அவள் துவக்கைச் சுவரில் சாத்தி வைத்தாள். கழுவின அரிசியின் மேல் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.