வெற்றிடத்தில் போட்ட கணக்கு

எங்கள் ஆய்வகத்தில் சிடுமூஞ்சி அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் குடுவையில் சேர்மம் செய்வாள். நான் கணினியில் அதற்கு மார்க் போடுவேன். லூயிஸ் அமிலம் என்பது எலக்ட்ரானுக்குக் கை நீட்டும் மூலக்கூறு. எவ்வளவு ஆசையாக நீட்டுகிறது என்று அறிய, ஒரு ஃப்ளூரைடு அயனியைக் கொடுத்து, ஒட்டும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்கிட வேண்டும்.

அக்கா செய்த நேர்மின் பாஸ்பரஸ் அயனி, வலிமைக்குப் பேர்போன ஆன்டிமனி அமிலத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. என் கணக்கில்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. மறுநாள் அனுப்ப வேண்டும். என் வேலை நீட்டிப்பே அதை நம்பித்தான் இருந்தது.

காலையில் அக்கா வந்து, சோதனை முடிவு அச்சிட்ட ஒரு தாளை மேசைமேல் போட்டாள்.

“உன் கணக்கு நிஜம்னா, இது ஆன்டிமனிகிட்ட இருந்து ஃப்ளூரைடைப் பிடுங்கியிருக்கணும். ரெண்டையும் கலந்து பார்த்தேன். தொடக்கூட இல்ல.”

“உங்க குடுவைல ஈரம் பட்டிருக்கும்க்கா.”

“என் குடுவைய விடு. நான் கரைப்பான்ல கலந்தேன். நீ எதுல கலந்த?”

எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போனதும் கணினியில் கணக்குக் கோப்பைத் திறந்தேன். பழையதை நகலெடுத்தபோது கரைப்பானுக்கான வரி விட்டுப்போயிருந்தது. அத்தனையும் வெற்றிடத்தில்! நடுவில் எதுவுமே இல்லாவிட்டால் நேர்மின்னும் எதிர்மின்னும் பாய்ந்து ஒட்டத்தானே செய்யும்? ஆன்டிமனி அமிலத்துக்கு மின்சுமையே கிடையாது, பாவம். வரியைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். மாலைக்குள் எங்கள் அயனியின் மதிப்பு பாதிக்கும் கீழே விழுந்து, பட்டியலில் மூன்றாம் இடத்துக்குப் போனது.

கட்டுரையைத் திருத்திவிட்டு அக்காவின் அறைக்குப் போனேன். அலமாரியில் அந்தப் பாஸ்பரஸ் உப்பு இருந்த புட்டி காலியாக நின்றது. அவள் இரண்டு மாதம் பாடுபட்டுச் செய்து, தன் சொந்தக் கட்டுரைக்கு எடுத்து வைத்திருந்தது.

“மிச்சம் இருந்ததையும் இதுக்கா போட்டீங்க?”

“முதல் பேரு உன்னுதுதானே. ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்க, நான் வேடிக்கை பார்க்கணுமா?”

வேலை நீளுமோ நீளாதோ, தலைகுனியாமல் காப்பாற்றிவிட்டாள்.

“ரொம்ப நன்றிக்கா. காலைல அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“நன்றி கிடக்கட்டும். அந்தக் குடுவையெல்லாம் கழுவு. நாளைக்கு நான் முதல்ல இருந்து செய்யணும்.”

பதினொரு குடுவை. அன்றைக்கு நூறு கொடுத்திருந்தாலும் கழுவியிருப்பேன்.