மூணாவது சீட்

"மூணாவது சீட்ல என்னை உட்கார வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்."

டீம் பட்டியல் ஒட்டின பிறகு கோச்சிடம் யாரும் இப்படிக் கேட்கக் கூடாது. இவள் கேட்டே விட்டாள். துடுப்பு பிடித்துக் காய்த்துப்போன கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். 

கோச் பேனாவை மூடினார். "ரிசர்வ்ல பேர் இருக்கில்ல? டீமோட போகத்தானே போற?"

"போய்? கரையில நின்னு துண்டு பிடிக்கவா?"

ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு இருபது நாள். நாலு பேர் படகு. அதில் ஓட்டும் போலீஸ்காரியையும் டாக்டர் மகளையும் அசைக்க முடியாது. நெட்டைச்சியின் நேரத்தை எவளும் நெருங்கியதில்லை. மிச்சம் மூன்றாவது சீட். அதில் இருப்பவள் இவளுடைய அறைத்தோழி, முப்பது வயது அக்கா. மூன்று வருடமாக ஒரே அறை, துணி துவைக்க ஒரே வாளி.

"துடுப்பு போடுற மெஷின்ல நீ அவளைவிட ஆறு செகண்ட் பின்னாடி."

"மெஷின் தரையில நிக்குது சார். அக்கா என்னைவிட பத்து கிலோ கூட. அந்தப் பத்து கிலோவைத் தண்ணியில யார் இழுக்கிறது?"

கோச் பேனாவை மேசையில் வைத்தார். "சரி. முதல்ல அவ, அப்புறம் நீ. மத்த மூணு பேர் அதே ஆளுங்க. தோத்தா ரிசர்வும் கிடையாது. சாயங்காலமே பெட்டியைக் கட்டிடணும்."

இவள் வீட்டில் முதல் பட்டதாரி; பேங்க் வேலை வந்தும் போகாதவள். "படிச்சுக் கிழிச்சு படகோட்டப் போயிருக்கா" என்று சித்தப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக, அப்பா கூடப் பிறந்தவரோடு பேச்சையே விட்டவர். பெட்டியோடு போய் நின்றால் அந்த மனிதர் தெருவில் எப்படித் தலைகாட்டுவார்?

கோச் கூப்பிட்டு அனுப்பிய அக்கா வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"கோச்கிட்ட சீட் கேட்கவே கேட்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்டி?"

"சொன்னே. அது உன் சீட்டைக் காப்பாத்திக்கத்தான்னு பட்டியலைப் பார்த்ததும் புரிஞ்சுதுக்கா."

"எனக்கு இதுதான் கடைசி. உனக்கு இருபத்துநாலு. இன்னும் நாலு வருஷம் பொறுக்க மாட்டியா?"

"நாலு வருஷம் எனக்கு யாரு சோறு போடுவா, அக்கா?"

 அக்காவின் கண் கலங்கியதைப் பார்த்தபோது இவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலவும் அறைந்துவிடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

கோச் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "எதிர்க்காத்து. லேசான உடம்புக்கு ஆகாது. நாளைக்குக் காலையில வச்சுக்கலாமா?"

"நாளைக்குன்னா நானே மனசு மாறிடுவேன் சார்."

வாசலை அடைத்து நின்ற அக்கா விலகவில்லை. இவள் பக்கவாட்டில் திரும்பி, அவள் தோளை உரசிக்கொண்டு வெளியேறி, படகுகள் கிடந்த பக்கம் நடந்தாள்.