செருப்புக்கு அளவெடுத்த கால்

மகள் அனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கோவில் வாசலிலிருந்து மணமேடை வரை யார் தாங்கலும் இல்லாமல் நடக்க வேண்டும். சொரிமுத்துவுக்கு வேறு ஆசை இல்லை. பெண்ணை அப்பன்தான் கூட்டிவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வலியசாலையில் கட்டட வேலையில் சாரம் சரிந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனதிலிருந்து, சொந்தக்காரர்கள் அவரைக் கண்டாலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். இரக்கத்துக்கு நாற்காலி என்றால் அவ்வளவு பிரியம்.

செயற்கைக் கால் வந்தது. அதைப் பொருத்திய ஆஸ்பத்திரியின் வழவழத்த தரையில் அது ராஜநடை போட்டது. உலகம் முழுக்க டைல்ஸ் பதித்திருந்தால் பிரச்சினையே இல்லை. சரளையும் பெயர்ந்த கல்லுமான தன் வீட்டுச் சந்தில் அவர் மாதக்கணக்கில் பழகினார். மிதித்தது மேடா பள்ளமா என்று அந்தப் பாதத்துக்குத் தெரியாது. முழங்காலில் வந்து இடித்த பிறகுதான் சேதி கிடைக்கும். ஆகவே முதலில் கண்ணால் மிதித்துப் பார்த்துவிட்டு, கால்களைச் சற்று அகட்டி, இடுப்பைத் தூக்கி, குட்டைக் குட்டையாக எட்டு வைத்தார். பூமி ஒருவாறு வழிக்கு வந்தது.

கல்யாணம் கிழக்கேகோட்டைக்குப் பின்னால், ஒரு சின்ன அம்மன் கோவிலில். வாசலில் எல்லாரையும் போல அவரும் இரண்டு செருப்பையும் கழற்றினார். ஐம்பது வருடப் பழக்கம் யாரைக் கேட்கிறது? அடுத்த நொடி உடம்பு பின்னால் சாய்ந்தது. செருப்புக் குதியின் உயரத்துக்குச் சரிபார்த்துப் பொருத்திய பாதம். செருப்பு போனால் குதி பள்ளத்தில் இறங்கியது போலத்தான். மனைவி மாடம்மாள் தாங்கிப் பிடித்தாள்.

"செருப்பப் போடுங்க."

"உள்ளயா?" தோளில் போட்ட பட்டு நேரியலைச் சரிசெய்தபடி வந்தார் கோவில் கமிட்டித் தலைவர் சற்குணம். வீட்டில் காபி ஆறிப்போனாலும் கண்டனத் தீர்மானம் போடுகிறவர். "ஆச்சாரம்னு ஒண்ணு உண்டு, கேட்டீரா? செருப்புக் காலோட கோவில் நடை கடக்கப்பிடாது."

"அண்ணாச்சி, அது காலா? வெறும் பிளாஸ்டிக்கு," என்றாள் மாடம்மாள்.

"பிளாஸ்டிக்குன்னா அதும் செருப்பு மாதிரிதான். மொத்தமாக் கழத்தி வெளிய வைக்கணும்."

"அப்ப காலுன்னே வச்சுக்கிடுங்க."

"காலுன்னா செருப்பக் கழத்தணும்."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு வழக்கைக் கேட்டார். ஒருவர் நாற்காலிக்குக் கிளம்பிவிட்டார். மாடம்மாள் புருஷன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். மடித்துக் குதிக்கு அடியில் கொடுத்து, பாதத்தோடு சேர்த்து இறுகக் கட்டினாள்.

"துணிக்கு என்ன ஆச்சாரம், அண்ணாச்சி?"

தலைவர் யோசித்தார். துணியைப் பற்றி அவரிடம் தீர்மானம் இல்லை.

சொரிமுத்து நின்று பார்த்தார். கால் நின்றது. மகளின் கையைப் பிடித்தார். முற்றத்துக் கற்கள் மழையில் ஆளுக்கொரு பக்கம் சரிந்து கிடந்தன.

"அப்பா, நான் தாங்கிக்கிடட்டா?"

"வேண்டாம் மக்களே. சேலையக் கொஞ்சம் தூக்கிப் பிடி. கல்லு தெரியல."

அனுஷா கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்தாள். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. சரிந்த கல் வந்தபோது அவர் உடம்பை ஒருக்களித்து, நல்ல காலை முன்னே ஊன்றி, மற்றதை மெல்லச் சேர்த்தார்.

"என்ன பக்தி பாத்தீரா! தலை நிமிரல்லியே," என்றார் சற்குணம் பக்கத்திலிருந்தவரிடம்.

மணமேடைப் படியேறிய பிறகுதான் சொரிமுத்து நிமிர்ந்தார். மாப்பிள்ளை நிற்கிறானா ஓடிவிட்டானா என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. நின்றிருந்தான். மகளின் கையை அவன் கையில் வைத்தார்.